சம்பந்தி வீட்டு லாக் புக்: போர்க்கால விமானம் ஒன்றைத் தேடிப் பிடிப்பது எப்படி

என் மகன் கல்யாணத்துக்கு அப்புறம் முதல் தடவையாக இங்கிலாந்தில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருந்தபோது சம்பந்தியம்மா உள்ளே போய், துணி அட்டை போட்ட நீல நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அவருடைய அப்பா இரண்டாம் உலகப்போரில் ராயல் ஏர் ஃபோர்ஸில் வயர்லெஸ் ஆபரேட்டர். விமானத்தில் ஏறிய ஒவ்வொரு நாளையும் அந்த நோட்டில் எழுதி வைத்திருந்தார். லாக் புக் என்பது இந்த நோட்டைத்தான். 1944-ஆம் வருடப் பக்கங்களில், மாதக் கடைசிக் கையெழுத்துகளுக்கு மேலே ‘செயின்ட் தாமஸ் மவுன்ட்’ என்று இருந்தது. பரங்கிமலை! நான் பிறந்து வளர்ந்தது ஆலந்தூரில். அந்த மலையைப் பார்த்துக்கொண்டேதான் பள்ளிக்கூடம் போனேன். 200-வது ஸ்குவாட்ரனின் (விமானப் படைப்பிரிவின்) லிபரேட்டர் என்ற நான்கு என்ஜின் குண்டுவீச்சு விமானங்கள் 1944 மார்ச்சில் இருந்து ஒரு வருடம் அங்கிருந்துதான் வங்கக் கடல் மேல் ரோந்து போயின என்பது எனக்கு அதுவரை தெரியாது.

“அப்பாவோட விமானம் எது? அது இப்போ எங்கே இருக்கு?” என்று சம்பந்தியம்மா கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேட எனக்கு இரண்டு வருடம் ஆனது. வழி தெரிந்திருந்தால் ஆறு மாதத்தில் முடித்திருக்கலாம். உங்கள் தாத்தாவோ, மருமகளின் கொள்ளுத் தாத்தாவோ அந்தப் போரில் பறந்தவர் என்றால், நீங்களும் இதே கேள்வியில்தான் தொடங்குவீர்கள். பிரிட்டிஷ் விமானப்படையை வைத்தே சொல்கிறேன். எனக்குத் தெரிந்தது அதுதான். மற்ற நாடுகளைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம்.

கேள்வியைத் திருத்திக்கொள்ளுங்கள்

‘அப்பாவோட விமானம்’ என்று ஒன்று பெரும்பாலும் இருக்காது. இதை முதலிலேயே வீட்டில் சொல்லிவிடுவது நல்லது. ஸ்குவாட்ரனில் அன்றைக்கு எந்த விமானம் பறக்கத் தயாராக இருக்கிறதோ, அதில் ஏறிப் போவார்கள். ஒன்று என்ஜின் பழுதுபார்க்கப் போயிருக்கும், இன்னொன்று வேறு குழுவோடு கடலுக்கு மேல் இருக்கும். சம்பந்தி வீட்டு நோட்டில் மட்டும் 17 லிபரேட்டர்களின் எண்கள் இருந்தன. அதில் ஒன்றில் பன்னிரண்டு முறை பறந்திருக்கிறார், சிலவற்றில் ஒரே ஒரு முறை. அதே விமானங்களில் வேறு குழுக்களும் பறந்திருக்கின்றன.

அதனால் தேட வேண்டியது இதுதான்: இன்ன தேதியில், இன்ன விமானத்தில், இன்ன வேலைக்கு இவர் போனார். இப்படி ஒரு நாளை உறுதியாகப் பிடித்துவிட்டால், அந்த விமானத்தின் முன்கதை பின்கதை இரண்டும் அதிலிருந்து நூல் பிடித்த மாதிரி வந்துவிடும்.

ஒரு விமானத்துக்கு இரண்டு பெயர்

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இடறும் இடம் இது. சீரியல் எண் என்பது விமானம் தொழிற்சாலையில் இருந்து வரும்போதே கிடைப்பது. பிரிட்டிஷ் படையில் இருக்கும் வரை அது மாறாது. உடம்பின் பின்பகுதியில், வாலுக்குச் சற்று முன்னால் சின்னதாக எழுதியிருக்கும். இன்னொன்று ஸ்குவாட்ரன் கொடுக்கும் குறியீடு. உடம்பில் பெரிதாக மூன்று எழுத்துகள்: முதல் இரண்டும் ஸ்குவாட்ரனுக்கு, மூன்றாவது அந்த விமானத்துக்கு. ‘எஸ் ஃபார் ஷுகர்’, ‘கியூ ஃபார் குவீனி’ என்று தாத்தாக்கள் சொல்வது இந்த மூன்றாவது எழுத்தைத்தான்.

எழுத்து மாறும், எண் மாறாது. லண்டன் ஹெண்டனில் ராயல் ஏர் ஃபோர்ஸ் அருங்காட்சியகத்தில் லங்காஸ்டர் என்ற குண்டுவீச்சு விமானம் ஒன்று நிற்கிறது. எண் ஆர் 5868. முதலில் 83-வது ஸ்குவாட்ரனில் ஓ.எல்.-கியூ என்ற எழுத்துகளோடு ‘குவீனி’யாகப் பறந்தது. அப்புறம் ஆஸ்திரேலியர்களின் 467-வது ஸ்குவாட்ரனுக்குப் போய் பி.ஓ.-எஸ் ஆகி ‘ஷுகர்’ ஆனது. நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட தாக்குதல்களுக்குப் போய்த் திரும்பிய விமானம். இரண்டு குடும்பங்கள் இரண்டு பெயரில் அதைத் தேடினால், இரண்டும் ஒன்றுதான் என்று எண் வழியாக மட்டுமே தெரியவரும். இன்னொரு சிக்கலும் உண்டு. ‘எஸ்’ விமானம் திரும்பி வராவிட்டால், அடுத்து வரும் புது விமானத்துக்கு அதே ‘எஸ்’ எழுத்தைக் கொடுப்பார்கள். அதனால் எழுத்து மட்டும் கையில் இருந்தால் தேதியும் கூடவே வேண்டும்.

ஆசியப் பக்கம் எடுத்த படங்களில் மூன்று எழுத்து முழுதாக இல்லாமல் ஒற்றை எழுத்து மட்டும் இருப்பதும் சாதாரணம். வட்டச் சின்னத்தின் நடுவே இருக்க வேண்டிய சிவப்புப் பொட்டையும் அங்கே எடுத்துவிட்டார்கள். ஜப்பானியரின் சிவப்புச் சூரியன் என்று நினைத்துத் தங்கள் ஆட்களே சுட்டுவிடக் கூடாது என்பதற்காக. படத்தில் சிவப்பு இல்லாத வட்டம் இருந்தால், எடுத்த இடம் இந்தியா, பர்மா, இலங்கைப் பக்கம் என்பதற்கு அது நல்ல தடயம்.

லாக் புக் கையில் இருந்தால்

முதல் வேலை: ஒவ்வொரு பக்கத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தைத்த நோட்டு. ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு விட்டுப்போகும். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டவே கூடாது.

விமானியின் லாக் புக்கும், நேவிகேட்டர் (வழி கணிப்பவர்), வயர்லெஸ் ஆபரேட்டர், கன்னர் (துப்பாக்கி இயக்குபவர்) ஆகியோரின் லாக் புக்கும் அமைப்பில் வேறு வேறு. ஆனால் நமக்கு வேண்டியவை இரண்டிலும் உண்டு: தேதி, விமான வகை, எண், விமானியின் பெயர், வேலை, பறந்த நேரம். பகலுக்கும் இரவுக்கும் தனித்தனிப் பத்தி. இரவில் பறந்ததைச் சிவப்பு மையில் எழுதுவது வழக்கம். சம்பந்தி வீட்டு நோட்டில் 1944 பக்கங்களைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தால் சிவப்பும் கறுப்பும் மாறி மாறித் தெரியும். ஒரே ரோந்தில் கிளம்பியது இருட்டில், இறங்கியது வெயிலில் என்றால் நேரத்தைப் பிரித்து இரண்டு பத்தியிலும் போட்டிருப்பார். பதினாலு மணி நேரம், பதினைந்து மணி நேரம் என்று அந்தக் கணக்குகளைப் படிக்கும்போது, நான்கு என்ஜின் இரைச்சலுக்கு நடுவே காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த இருபத்திரண்டு வயதுப் பையன் கண்முன் வந்துவிடுகிறான்.

வேலைப் பத்தியில் சுருக்கெழுத்துகள் நிறைய வரும். டி.சி.ஓ. என்றால் கொடுத்த வேலை முடிந்தது. டி.என்.சி.ஓ. என்றால் முடியவில்லை, வானிலையோ என்ஜினோ கெடுத்திருக்கும். என்.எஃப்.டி. என்றால் இரவுப் பயணத்துக்கு முன் பகலில் செய்யும் சோதனைப் பறத்தல். இந்தச் சோதனையை அலட்சியப்படுத்தாதீர்கள். பகலில் சோதித்த விமானத்திலேயே பெரும்பாலும் அன்றிரவு போவார்கள். இரவுப் பதிவில் எண் மங்கியிருந்தால் பகல் பதிவு கைகொடுக்கும்.

மாத முடிவில் ஒரு கூட்டுத்தொகை, ஸ்குவாட்ரன் பெயர், அதிகாரியின் கையெழுத்து இருக்கும். எந்த மாதம் எந்த ஸ்குவாட்ரன் என்று அங்கேதான் நிச்சயமாகத் தெரியும். அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கணினியில் ஒரு அட்டவணை போடுங்கள். தேதி, வகை, எண், எழுத்து, விமானி, வேலை, நேரம், கடைசியாக ‘யார் சொன்னது’ என்று ஒரு பத்தி. அந்தக் கடைசிப் பத்தியை நிரப்பச் சோம்பலாக இருக்கும். ஆனால் அதுதான் உயிர். நோட்டில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே முதலில் பதியுங்கள். தப்பு என்று பட்டாலும் திருத்த வேண்டாம். திருத்தம் வேறு பத்தியில் வரட்டும்.

எண்ணைச் சரிபார்க்கும் சூட்சுமம்

நான் ஒரு 7-ஐ 1 என்று படித்துவிட்டு நான்கு மாதம் வேறொரு விமானத்தின் பின்னால் ஓடினேன். அந்த விமானம் இந்தியாவுக்கே வரவில்லை என்று தெரிந்தபோதுதான் நோட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். சம்பந்தியின் அப்பா 7-க்கு நடுவில் கோடு போட மாட்டார். தலையில் ஒரு சின்ன வளைவு மட்டும். அதே பக்கத்தில் அவர் எழுதிய தேதிகளோடு ஒப்பிட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். ஆகவே ஒருவர் கையெழுத்தில் 1, 7, 3, 8, 5 எப்படி இருக்கும் என்று முதலில் பழகிக்கொள்ளுங்கள். தேதிப் பத்திதான் அதற்கு நல்ல பாடப்புத்தகம். அங்கே எண் என்ன என்று நமக்கு முன்கூட்டியே தெரியும்.

சீரியல் எண்களுக்குச் சில விதிகள் உண்டு. போரின் தொடக்கம் வரை ஒரு எழுத்தும் நான்கு இலக்கமும். மேலே சொன்ன ஆர் 5868 அந்த வகை. அந்த வரிசை தீர்ந்த பிறகு இரண்டு எழுத்தும் மூன்று இலக்கமும். இரண்டாவது வகையில் எண் 100-இல் தொடங்கி 999-இல் முடியும். 071 என்று ஒன்று இருக்க முடியாது. குழப்பம் வரக்கூடாது என்று சி, ஐ, ஓ, கியூ, யு, ஒய் ஆகிய எழுத்துகளை அதில் பயன்படுத்தவில்லை. அதனால் ‘சி’ என்று உங்கள் கண்ணுக்குப் பட்டால் அது பெரும்பாலும் ‘ஜி’. ‘ஓ’ என்று பட்டால் அது ‘டி’யாக இருக்கலாம்.

இதைவிடப் பயனுள்ள விஷயம் ஒன்று. எத்தனை விமானம் செய்கிறோம் என்று எதிரிக்குத் தெரியாமல் இருக்க, எண் வரிசையில் வேண்டுமென்றே இடைவெளி விட்டார்கள். அந்த இடைவெளிக்குள் விழும் எண்ணில் விமானமே கிடையாது. எந்த எண்ணில் இருந்து எந்த எண் வரை எந்த வகை விமானம் என்ற பட்டியல்கள் அச்சிலும் இணையத்திலும் கிடைக்கின்றன. ஏர்-பிரிட்டன் என்ற சங்கம் இந்த வேலையைப் பல வருடமாகச் செய்துவருகிறது. நோட்டில் லிபரேட்டர் என்று இருக்கிறது, பட்டியலில் அந்த எண்ணுக்கு ஸ்பிட்ஃபயர் என்ற சண்டை விமானம் வருகிறது என்றால், நீங்கள் தப்பாகப் படித்திருக்கிறீர்கள், அல்லது அவர் தப்பாக எழுதியிருக்கிறார். அவரும் மனிதர்தானே. பதினைந்து மணி நேரம் பறந்துவிட்டு, வாரக் கடைசியில் நினைவில் இருந்து எழுதியவர்களும் உண்டு.

லாக் புக் இல்லை என்றால்

பலருடைய நிலைமை இதுதான். உரியவர்கள் வந்து வாங்காத லாக் புக்குகளில் மாதிரிக்குக் கொஞ்சம் மட்டும்தான் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏர் 4 என்ற வரிசையில் இருக்கின்றன. உங்கள் ஆள் அதில் இருப்பது அதிர்ஷ்டம்.

அப்போது ஸ்குவாட்ரனையும் தேதியையும் வேறு வழியில் பிடிக்க வேண்டும். பணிப் பதிவேட்டைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். இவை பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சகத்திடம் இருந்து தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் கட்டம் கட்டமாகப் போய்க்கொண்டிருக்கின்றன. அதனால் எங்கே விண்ணப்பிப்பது என்று காப்பகத்தின் தளத்தில் பார்த்துவிட்டு அனுப்புங்கள். இறப்புச் சான்றிதழ் நகல் ஒன்றைத் தயாராக வைத்திருப்பது நல்லது. பதிவேட்டில் எந்தத் தேதியில் எந்தப் பிரிவுக்கு மாற்றல் என்று இருக்கும். விமான எண்ணைத் தேடி அதைப் புரட்டினால் ஏமாற்றம்தான்.

அதிகாரி என்றால் லண்டன் கெஜட் என்ற பிரிட்டிஷ் அரசிதழில் நியமனமும் பதக்கமும் பணி எண்ணோடு வந்திருக்கும். இணையத்தில் இலவசமாகத் தேடலாம். போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் பணி எண், ஸ்குவாட்ரன், தேதி மூன்றும் கிடைக்கும். உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் நினைவுச்சின்னங்களில் இருக்கின்றன. ஐரோப்பாவில் காணாமல் போன இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இங்கிலாந்தின் ரன்னிமீடில், நம் பக்கத்துக் கடலிலும் காட்டிலும் போனவர்களுக்குச் சிங்கப்பூர் கிராஞ்சியில்.

பழைய புகைப்படம் இருந்தால் மனிதர்களின் முகத்தோடு நிறுத்தாமல் பின்னால் இருக்கும் விமானத்தையும் பாருங்கள். பெரிதாக்கினால் வால் பக்கம் எண்ணின் இரண்டு இலக்கமாவது தெரியும். இரண்டு இலக்கமும் ஒரு மாதமும் இருந்தால் போதும், அடுத்த படியில் மீதியைப் பிடித்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. ஸ்குவாட்ரன் பெயரில் நம் ஊர் இருந்தால் நம்மவர் என்று நினைத்துவிட வேண்டாம். 264-வது ஸ்குவாட்ரனுக்கு ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்று பெயர், 102-க்கு ‘சிலோன்’ என்று பெயர். அந்தந்த ஊர் மக்கள் போர் நிதியாகக் கொடுத்த பணத்துக்கு நன்றியாக வைத்தவை. 264 இங்கிலாந்தைக் காத்த ஸ்குவாட்ரன்களில் ஒன்று, 102 யார்க்‌ஷயரில் இருந்து ஜெர்மனி மேல் குண்டு போட்டது. நம் பாட்டன்மார் கொடுத்த காசு அங்கே பறந்தது உண்மை. ஆனால் ஆளைத் தேட அது வழியல்ல.

ஸ்குவாட்ரனின் நாட்குறிப்பு

இதுதான் புதையல். ஒவ்வொரு ஸ்குவாட்ரனும் தினமும் ஒரு பதிவேடு எழுத வேண்டும். ஆபரேஷன்ஸ் ரெக்கார்டு புக் என்று பெயர். ஓ.ஆர்.பி. என்று சுருக்கிச் சொல்வார்கள். கியூ காப்பகத்தில் ஏர் 27 வரிசை முழுக்க இதுதான். ஸ்குவாட்ரன் எண்ணையும் மாதத்தையும் போட்டுத் தேடினால் வரும். வீட்டில் இருந்தே கட்டணம் கட்டித் தரவிறக்கலாம். நேரில் போனால் அங்குள்ள கணினியில் இலவசமாகப் படிக்கலாம்.

அதில் இரண்டு படிவங்கள் உண்டு. படிவம் 540 நாளின் சுருக்கம்: மழை, மலேரியா, யார் வந்தார், யார் மாற்றலாகிப் போனார், கால்பந்தில் யார் ஜெயித்தார். படிவம் 541 நமக்கு வேண்டியது. ஒவ்வொரு பறப்புக்கும் தேதி, விமான வகையும் எண்ணும், குழுவினர் பெயர்கள், வேலை, கிளம்பிய நேரம், இறங்கிய நேரம், என்ன நடந்தது. உங்கள் லாக் புக் வரியை எடுத்து, அதே தேதியில் 541-இல் அதே விமானியின் பெயரைத் தேடுங்கள். குழுப் பட்டியலில் உங்கள் ஆளின் பெயர் இருக்கும். பக்கத்திலேயே விமான எண்.

தட்டச்சு செய்த அந்தப் பக்கத்தில் முதல் தடவை பெயரைப் பார்த்தபோது சம்பந்தியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. ரிப்பன் மங்கிய எழுத்து, ‘டபிள்யூ.ஓ.பி.’ (வயர்லெஸ் ஆபரேட்டர்) என்ற பதவிச் சுருக்கம், அப்புறம் அவர் அப்பாவின் பெயர், அதுவும் ஓர் எழுத்துப் பிழையோடு. அந்தப் பிழை முக்கியம். பெயர் கிடைக்கவில்லை என்றால் பிழையான எழுத்துகளிலும் தேடிப் பாருங்கள். எழுதியவர் ஒரு குமாஸ்தா. பெயரைக் காதால் கேட்டு அடித்திருக்கலாம்.

லாக் புக்கும் ஓ.ஆர்.பி.யும் ஒத்துப்போகாத இடங்கள் வரும். பயப்பட வேண்டாம். இரவுப் பயணம் நள்ளிரவைத் தாண்டினால் ஒருவர் கிளம்பிய தேதியைப் போடுவார், இன்னொருவர் இறங்கிய தேதியை. கடிகார நேரமும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். ஒன்றில் கிரீன்விச் நேரம், மற்றதில் உள்ளூர் நேரம். உள்ளூர் நேரத்திலும் ஒரு கூடுதல் சிக்கல்: 1942 செப்டம்பரில் இருந்து 1945 அக்டோபர் வரை இந்தியாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். ஆகவே கிளம்பிய மணியை ஒப்பிடாமல், மொத்தம் எத்தனை மணி நேரம் பறந்தார்கள் என்பதை ஒப்பிடுங்கள். அது பொய் சொல்லாது.

எண்ணே ஒத்துப்போகவில்லை என்றால்? அன்றைக்குப் பறந்த மற்ற விமானங்களின் வரிகளையும் பாருங்கள். லாக் புக்கில் உள்ள எண் அதே நாளில் வேறொரு குழுவின் பெயரில் இருந்தால், இருவரில் யாரோ ஒருவர் மாற்றி எழுதியிருக்கிறார். அந்த எண் அந்த ஸ்குவாட்ரனின் எந்த மாதத்திலும் இல்லை என்றால் உங்கள் வாசிப்பைச் சந்தேகியுங்கள். சில மாதங்களுக்கு 541 எழுதாமலே விட்டிருப்பார்கள், சிலவற்றில் எண் இல்லாமல் எழுத்து மட்டும் இருக்கும். அப்போது அதே எழுத்து, அதே எண் இரண்டும் சேர்ந்து வரும் வேறொரு நாளைத் தேடிப் பொருத்த வேண்டும். மெதுவான வேலை. ஆனால் நடக்கும்.

ஸ்குவாட்ரன் பெயரே மாறினால் நூல் அறுந்த மாதிரி இருக்கும். 200-வது ஸ்குவாட்ரன் பரங்கிமலையில் இருந்து வங்காளத்தில் உள்ள ஜெசூருக்குப் போனது. 1945 மே மாதம் அதற்கு 8-வது ஸ்குவாட்ரன் என்று எண் மாற்றிவிட்டார்கள். அதே ஆட்கள், அதே விமானங்கள். நான் ஏப்ரலோடு கதை முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். மீதி எல்லாம் 8-வது ஸ்குவாட்ரனின் பதிவேட்டில் இருந்தது. லாக் புக்கின் மாதக் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே வந்திருந்தால் எனக்கு முன்பே தெரிந்திருக்கும்.

பயிற்சிக் காலத்து விமானங்களுக்கு ஏர் 29 வரிசையில் பயிற்சிப் பிரிவுகளின் பதிவேடுகள் உண்டு. ஆனால் அவற்றில் தினசரிப் பறப்பு விவரம் இருப்பது அரிது. லாக் புக்கே அதற்கு ஒரே சாட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விமானத்தின் சொந்தக் கதை

எண் உறுதியான பிறகு விமானத்தின் ஜாதகத்தைக் கேட்கலாம். படிவம் 78 என்ற அட்டை ஒவ்வொரு விமானத்துக்கும் உண்டு: எப்போது வந்தது, எந்தப் பிரிவுக்குப் போனது, எப்போது பழுதுபார்த்தார்கள், எப்போது கணக்கில் இருந்து நீக்கினார்கள். விபத்து நடந்திருந்தால் படிவம் 1180 என்று தனி அட்டை. இரண்டும் ராயல் ஏர் ஃபோர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எண்ணைத் தெளிவாகக் கொடுத்து எழுதிக் கேட்கலாம். ஒரே கடிதத்தில் 17 எண் கேட்காதீர்கள். அதிகம் பறந்த இரண்டு மூன்றில் தொடங்குங்கள்.

அட்டையில் எம்.யு. என்றால் பராமரிப்புக் கிடங்கு. சேதத்தை எழுத்தால் குறிப்பார்கள். ஏ என்றால் ஸ்குவாட்ரனிலேயே சரிசெய்யலாம், பி என்றால் இருந்த இடத்தில் முடியாது, வேறிடம் கொண்டுபோக வேண்டும், ஈ என்றால் இனித் தேறாது. எஸ்.ஓ.சி. என்றால் கணக்கில் இருந்து நீக்கப்பட்டது. இது விழுந்து நொறுங்கிய தேதி அல்ல. பலசமயம் குமாஸ்தா கணக்கு முடித்த தேதி மட்டுமே. வெளிநாட்டுக்குப் போன விமானங்களின் அட்டை மிகச் சுருக்கமாக இருக்கும். ‘இந்தியா’ என்று ஒரு வார்த்தை, ஒரு தேதி, அப்புறம் எஸ்.ஓ.சி., அவ்வளவுதான். இங்கிலாந்தில் இருந்தவற்றுக்கு இருக்கும் விவரத்தை எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் நம் பக்கத்து விமானங்களுக்கு ஓ.ஆர்.பி. இரட்டிப்பு முக்கியம்.

லிபரேட்டர், கேட்டலினா (கடலில் இறங்கும் விமானம்) எல்லாம் அமெரிக்காவில் செய்தவை, பெரும்பாலும் லெண்ட்-லீஸ் என்ற போர்க்கால இரவல் ஏற்பாட்டில் பிரிட்டனுக்குக் கொடுத்தவை. போர் முடிந்ததும் பலவற்றைப் பறக்க முடியாதபடி உடைத்துப் போட்டார்கள். கான்பூரில் அப்படிக் கைவிட்டுப்போன லிபரேட்டர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவற்றை ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் பெங்களூருக்கு ஓட்டிக்கொண்டு போய்ச் சீராக்கியது. இந்திய விமானப்படை அவற்றை 1968 வரை வைத்திருந்தது. அதில் ஒன்று கே.என். 751. 1945-இல் இந்தியப் பெருங்கடலில் உள்ள கோகோஸ் தீவில் 99-வது ஸ்குவாட்ரனோடு இருந்தது, பிறகு இந்தியாவில் ஹெச்.ஈ. 807 ஆனது, 1974-இல் இந்தியா அதை ராயல் ஏர் ஃபோர்ஸ் அருங்காட்சியகத்துக்கே அன்பளிப்பாகக் கொடுத்தது. 99-இல் பறந்தவரின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் போய் அதன் அருகில் நிற்கலாம். உங்கள் விமானத்துக்கு இப்படி ஒரு மறுபிறவி உண்டா என்று பார்க்க, இந்திய எண்களையும் பிரிட்டிஷ் எண்களையும் பொருத்தி ஆர்வலர்கள் போட்டிருக்கும் பட்டியல்களைப் பாருங்கள்.

திரும்பி வராத விமானம்

இறந்தவர்களின் குடும்பம் என்றால் ஏர் 81 வரிசையைத் தனியாகத் தேடுங்கள். போர் தொடங்கிய 1939 செப்டம்பரில் இருந்து ஒவ்வொரு விபத்துக்கும் இழப்புக்கும் விமான அமைச்சகம் வைத்திருந்த கோப்புகள், தேதி வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கப்படுகின்றன. விமான எண்ணைப் போட்டே தேடலாம். தனியாக உட்கார்ந்து திறக்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன். சில கோப்புகளில் தாய்மார்கள் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன.

இதில் ஓ.ஆர்.பி. எவ்வளவு குறைவாகச் சொல்லும் என்பதற்கு 200-வது ஸ்குவாட்ரனிலேயே உதாரணம் உண்டு. பரங்கிமலைக்கு வருவதற்கு முந்தைய வருடம், அது மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்தது. 1943 ஆகஸ்ட் 11 அன்று நியூசிலாந்துக்காரர் லாயிட் ட்ரிக் ஓட்டிய லிபரேட்டர் பி.இசட். 832 ரோந்துக்குப் போய்த் திரும்பவில்லை. அதில் இருந்த எட்டுப் பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. என்ன நடந்தது என்று சொல்ல ஸ்குவாட்ரனில் ஆளே இல்லை. யு-468 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியில் இருந்து தப்பிய சிலர், அதே லிபரேட்டரின் ரப்பர் படகில் ஏறி மிதந்துகொண்டிருந்தபோது மீட்கப்பட்டார்கள். விமானம் தீப்பிடித்து எரிந்தபோதும் விலகாமல் வந்து தங்களை மூழ்கடித்தது என்று அவர்கள்தான் சொன்னார்கள். எதிரிகளின் சாட்சியத்தை வைத்தே ட்ரிக்குக்கு, வீரத்துக்கான மிக உயர்ந்த பிரிட்டிஷ் பதக்கமான விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். இழப்பைத் தேடும்போது மறுபக்கத்தின் ஆவணத்தையும் பாருங்கள் என்பதற்கு இதைவிட வேறென்ன சொல்ல? இன்னொன்றும் கவனியுங்கள்: அவர் விழுந்தது ஆப்பிரிக்கக் கரையோரம், பெயர் பொறித்திருப்பது மால்டா நினைவுச்சின்னத்தில். ஊரை வைத்துத் தேடினால் தவறிப்போகும்.

மற்ற நாட்டுப் படைகள்

கனடாக்காரர் என்றால் ஒட்டாவாவில் உள்ள நூலகமும் ஆவணக் காப்பகமும். போரில் இறந்த கனடிய வீரர்களின் பணிக் கோப்புகள் அங்கே இருக்கின்றன. இலங்கையோடு தொடர்புள்ள கனடிய விமானம் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 413-வது ஸ்குவாட்ரனின் கேட்டலினா ஏ.ஜே. 155. 1942 ஏப்ரல் 4 அன்று தென்னிலங்கையில் உள்ள கொக்கலையில் இருந்து கிளம்பி, இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கப்பற்படையைப் பார்த்துச் செய்தி அனுப்பியது. லெனார்ட் பிர்ச்சால் அதன் தலைவர். ஜப்பானியர் அதைச் சுட்டு வீழ்த்தினார்கள். பிழைத்தவர்கள் போர் முடியும்வரை கைதிகள். மறுநாள் கொழும்பில் குண்டு விழுந்தபோது ஊர் முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டிருந்தது. இன்றைக்கு அந்த ஒரு எண்ணைப் போட்டால் எல்லாம் வரும். எண்ணின் மகிமை அது.

ஆஸ்திரேலியாவின் தேசியக் காப்பகத்தில் ஏ705 வரிசையில் இறந்தவர், காணாமல் போனவர் கோப்புகள் உண்டு. பல இணையத்திலேயே முழுதாகக் கிடைக்கும். அமெரிக்க எண்கள் வாங்கிய நிதியாண்டில் தொடங்கும். 44 என்று தொடங்கினால் 1944. வாலில் எழுதும்போது முதல் 4-ஐ விட்டுவிடுவார்கள். காணாமல் போன அமெரிக்க விமானங்களுக்கு 1943-இல் இருந்து தனி அறிக்கை உண்டு. அதில் விமான எண்ணோடு என்ஜின் எண்கூட இருக்கும்.

சம்பந்தியம்மா கேட்டதற்குப் பதில்

17 எண்களில் 15-க்கு இரண்டு சாட்சி கிடைத்துவிட்டது: லாக் புக், ஓ.ஆர்.பி. அதில் நான்கின் படிவம் 78 கையில் இருக்கிறது. நான்குமே இந்தியாவில் எஸ்.ஓ.சி. ஒன்றுகூடப் பிழைத்ததாகத் தெரியவில்லை. மீதி இரண்டு எண்கள் அட்டவணையில் மஞ்சள் நிறத்தில் அப்படியே நிற்கின்றன. ‘யார் சொன்னது’ பத்தியில் ‘அப்பா மட்டும்’ என்று போட்டிருக்கிறேன்.

போன ஜனவரியில் சம்பந்தியம்மா சென்னைக்கு வந்தார். பரங்கிமலைப் படிகளில் ஏறி, மேலே தேவாலயத்தின் வெளிச்சுவர் ஓரம் நின்று, விமான நிலையத்தைப் பார்த்தோம். பன்னிரண்டு முறை பறந்த அந்த விமானத்தின் எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கைப்பையில் வைத்திருந்தார். அதை எடுத்து ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு, மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். லாக் புக்கின் படங்கள் இப்போது என் பேத்தியின் கணினியில் இருக்கின்றன. அந்த மஞ்சள் எண்கள் இரண்டையும் அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். கொள்ளுத் தாத்தாவின் 5-ம் 3-ம் அவளுக்கு என்னைவிட நன்றாகப் பிடிபடுகின்றன.